கைமாறிய உடை, மாற்றிக்கொண்ட உடை, வாடகை உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வாங்காமல், ஏற்கெனவே தைத்து உலகில் உலவும் உடைகளிலிருந்தே நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

பழசு வாங்குறது, மாத்திக்கிறது, வாடகைக்கு எடுக்குறது: மூணுல எதை எப்போ செய்யணும்?

அந்த உடையை எத்தனை முறை போடுவீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறையாவது போடப்போகும் சட்டை, ஜீன்ஸ், வேலைக்குப் போகும் உடை என்றால் பழையதை விலைக்கு வாங்குங்கள். அது உங்களுடையது, வெட்டலாம், பிடிக்கலாம், சாயமேற்றலாம். உடல் அளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் (வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், எடை கூடிக் குறைபவர்கள்) மாற்றிக்கொள்வதே சிறந்தது. ஆறு மாதத்தில் போதாமல் போகும் உடைக்குப் பணம் கொடுப்பானேன்?

ஒன்றிரண்டு முறைக்கு மேல் போட மாட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த ஆடம்பர உடைக்கு வாடகை. அதற்கும் முன்னால், தெரிந்தவர்களிடம் இரவல் கேட்டுப் பாருங்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகத்தான் கொடுப்பார்கள்.

புதுசா ஒரு சட்டை வாங்கினா என்ன குறைஞ்சிடும்?

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் கணக்கிடப்படுகிறது. 250 கிராம் சட்டைக்கு 2,500 லிட்டர். செடி குடித்த மழை, பாய்ச்சிய நீர், கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் நீர் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸுக்கு 2015-ல் வெளியிட்ட கணக்கில் ஒரு ஜீன்ஸின் ஆயுள் முழுக்க 3,781 லிட்டர். அதில் 68 சதவீதம் பருத்தி விளைவிக்கவே போய்விடுகிறது. நீங்கள் வீட்டில் துவைக்கும் நீர் 23 சதவீதம்தான். அதாவது பெரிய செலவு கடைக்கு வரும் முன்பே முடிந்துவிட்டது. பிறகு அந்த உடையை எத்தனை நாள் போடுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

"பழசானால் மறுசுழற்சிக்குப் போகும்" என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். உடை தயாரிக்கப் பயன்படும் இழையில் மீண்டும் உடையாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் மதிப்பிட்டது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்த துணியைப் பிரிப்பது அவ்வளவு கடினம். மாறாக, ஒரு உடையை ஒன்பது மாதம் கூடுதலாகப் போட்டாலே அதன் கரியமில வாயு, நீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று கழிவைக் குறைக்க உழைக்கும் பிரிட்டனின் ராப் (WRAP) அமைப்பு 2012-ல் சொன்னது. ஒரு சட்டை கைமாறினால் அந்த ஒன்பது மாதம் தானாகக் கிடைத்துவிடும்.

யாரோ போட்ட துணி... நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. நோய் ஏதும் ஒட்டிக்காதா?

தயக்கம் இயல்புதான். ஆனால் புதுத்துணிக் கடையில் நீங்கள் எடுக்கும் உடையையும் உங்களுக்கு முன் பலர் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருப்பார்கள். அதைப் பலரும் துவைக்காமலே போட்டுக்கொள்கிறார்கள்.

துணி வழியாக வரக்கூடியவை சில உண்டு. சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர்வாழாது. தையல் மடிப்புகளில் ஒளியும் உடல்பேன் இரத்தம் கிடைக்காவிட்டால் சுமார் ஒரு வாரத்தில் செத்துவிடும். படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் இவற்றைவிட நெடுநாள் தாங்கும். அதற்குச் சூடான சலவை வேண்டும். மூட்டைப்பூச்சிதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய ஆள், ஏனென்றால் அது உங்கள் உடம்பில் இல்லாமல் வீட்டில் குடியேறும். நான்கையும் சமாளிக்கும் வழி அடுத்த பதிலில் இருக்கிறது.

உள்ளாடை, நீச்சலுடையின் உள்பகுதி, உள்ளே வேறொருவர் பாதத்தின் தடம் அழுந்திப்போன காலணி ஆகிய மூன்றையும் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காலணியில் சுத்தத்தைவிட நடையே பெரிய காரணம்: அடிப்பகுதி முன்னவரின் நடைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், உங்கள் முழங்கால் அதற்கு விலை கொடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எப்படித் துவைக்கணும்? எல்லாத்தையும் கொதிக்க வைக்கணுமா?

பையோடு கட்டிலில் வைக்காதீர்கள். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையிலேயே துவைக்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் அங்கே திறந்து, சட்டைப்பைகளை வெளியே இழுத்து, உடையை உள்புறம் திருப்புங்கள். காலர் அடி, இடுப்புப் பட்டை, தையல் மடிப்பு ஆகியவற்றில் மிளகுப் பொடி சிதறியது போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்கலாம். பையை உடனே கட்டிவிடுங்கள்.

பருத்தி, லினன், பாலியஸ்டர் கலந்த பருத்தி ஆகியவற்றை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாவற்றுக்கும் தீர்வு. உலர்த்தும் இயந்திரம் இருந்தால், சூடு தாங்கும் துணியை உயர்ந்த சூட்டில் 30 நிமிடம் ஓட்டினாலும் மூட்டைப்பூச்சி சாகும். கம்பளி, பட்டு போன்றவை சூடு தாங்காது. அவற்றைக் காற்றுப் புகாத பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். மூட்டைப்பூச்சிக்கு நான்கு நாள், கம்பளி அரிக்கும் அந்துப்பூச்சிக்கு இரண்டு வாரம். உறைபெட்டியைத் துணியால் திணித்துவிட்டால் நடுவில் இருக்கும் துணி குளிரவே பல மணி நேரம் பிடிக்கும். நாள் கணக்கை அதற்குப் பிறகே தொடங்குங்கள்.

முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள். அதற்கு முன் உள்தையலில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது சாயம் போகும் துணி, குளிர்ந்த நீர்தான்.

ரெண்டு தடவை துவைச்சும் அந்த வாடை போகலையே?

எந்த வாடை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஈரப்பூஞ்சை வாடைக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து அரை மணி ஊறவைத்து, அலசி, வெயிலில் முழுவதும் காயவிட வேண்டும். குளோரின் வெளுப்பானோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். வியர்வை வாடை பாலியஸ்டரில் பிடிவாதமாக இருக்கும். அந்த இழைக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. சோப்புநீர் உள்ளே போவதற்கே நேரமாகும். என்சைம் உள்ள சலவைத்தூளில் ஒரு மணி ஊறவிட்டுப் பிறகு துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் பசை மேலும் படியுமே தவிர வாடை போகாது. வாடை போகும்வரை இஸ்திரி போடவும் கூடாது.

பாச்சை உருண்டை வாடைக்கு நீர் உதவாது. அதிலுள்ள நாப்தலீன் நேராக ஆவியாகிப் போகும் பொருள். அதற்கு வேண்டியது காற்றும் சூடும் நாட்களும் மட்டுமே. நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிடுங்கள். கைக்குழந்தைக்கான துணியில் இந்த வாடை துளி இருந்தாலும் வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை.

கறை இருந்தா அப்படியே விட்டுடலாமா?

எல்லாக் கறைக்கும் பயப்பட வேண்டாம். வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சளாக இருப்பது வெறும் வியர்வையன்று. வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்தது. குளோரின் வெளுப்பான் அதை இன்னும் மஞ்சளாக்கும். சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் வெளுப்பான் என்று விற்பது) ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து இரண்டு மணி ஊறவையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் துலக்கும் திரவத்தை உலர்ந்த துணியிலேயே தடவி 15 நிமிடம் விட வேண்டும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும்.

நிறம் வெளுத்த திட்டு மட்டும் கறையே அன்று. அங்கே சாயம் போய்விட்டது. எதைப் போட்டாலும் திரும்ப வராது. ஆழ்ந்த நிறத்தில் முழு உடைக்கும் சாயமேற்ற மனமிருந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடையில குவியலுக்கு முன்னாடி நிக்கிறேன். ரெண்டு நிமிஷத்துல எதைப் பார்த்து எடுக்கிறது?

கண்ணுக்கு முன் கையை அனுப்புங்கள். அடுக்கின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனால் தடித்த பருத்தி, கம்பளி, லினன் கையிலேயே தெரியும். நிறமும் பிராண்டும் அதற்குப் பிறகு. எடுத்த உடையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடைபோல் ஒளி விடும். பேன்ட் என்றால் உள்தொடையும் உட்காரும் இடமும் முதலில் நைந்துபோகும். சட்டை என்றால் காலர் மடியும் கோடு, கை நுனி. பின்னலாடை என்றால் முழங்கை. இந்த ஐந்து இடமும் கெட்டியாக இருந்தால் மற்ற இடங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அடுத்து, தையலின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். தையல் நூல் மட்டும் விட்டுக்கொடுத்தால் கவலையில்லை, மறுதையல் போட்டுவிடலாம். தையல் உறுதியாக இருந்து துணியின் இழைகள் விலகினால் துணியே இற்றுவிட்டது. பட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்புக் கோட்டிலேயே கிழியும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஒருமுறை கட்டினால் கோடு பிளந்துவிடும்.

இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். சுருங்கித் திரும்பாமல் நெளிநெளியாக நின்றால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. தனிப் பட்டையாகத் தைத்ததென்றால் மாற்றலாம், துணியோடு நெய்த எலாஸ்டேன் (இழுபடும் செயற்கை இழை) என்றால் வழியில்லை. ஜிப்பை முழுக்க மேலும் கீழும் ஓட்டுங்கள். ஜிப் பல் உடைந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும்; ஓட்டும் கொக்கி மட்டும் தளர்ந்திருந்தால் சின்ன வேலை. பட்டன் இல்லாதது ஒரு குறையே இல்லை, உள்தையலில் உபரிப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது புதுசு மாதிரி இருந்தது. ரெண்டு மாசத்துல மேல்தோல் செதில் செதிலா உரிஞ்சுபோச்சே?

அது தோல் இல்லை, துணிமேல் பூசிய பாலியுரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பை மெல்ல முறிக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் சில வருடங்களில் உரியும், ஒட்டவோ தைக்கவோ முடியாது. சில காலணிகளின் மென்மையான அடிப்பகுதி பெட்டிக்குள் இருந்தபடியே பொடியாவதும் இதே காரணத்தால்தான். ஆகவே செயற்கைத் தோல் மேலங்கி, கைப்பை, பூச்சுப் போட்ட மழையாடை இவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். உண்மையான தோல் அப்படியில்லை. வறண்டிருந்தால் எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் மீளும்.

லேபிளைக் கத்தரிச்சுட்டாங்க. என்ன துணின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உள்தையலிலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, லினன் அல்லது விஸ்கோஸ். முடி பொசுங்கும் வாடை வந்து, தானாக அணைந்து, விரலில் பொடியாகும் கரி மிஞ்சினால் கம்பளி அல்லது பட்டு. உருகிச் சொட்டி, ஆறியதும் கல்போல் உருண்டை நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். சாம்பலும் உருண்டையும் சேர்ந்து வந்தால் கலப்பு. குறுக்கு நூலும் நெடுக்கு நூலும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் சோதியுங்கள். கடையில் இதைச் செய்ய முடியாது என்பதால், லேபிள் இல்லாத உடை வீட்டுச் சலவைக்கு ஏற்றதாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

லேபிள் இருந்தால் வட்டத்துக்குள் 'பி' அல்லது 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உலர்சலவையைக் குறிக்கும். அந்த உடையின் உண்மையான விலையில் ஒவ்வொரு சலவைக் கூலியும் சேரும்.

லேபிள்ல என் அளவுதான் போட்டிருக்கு, போட்டா பத்தலை. ஏன்?

அளவு எண்ணுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், பத்தாண்டுக்குப் பத்தாண்டு அது மாறியிருக்கிறது. எண்ணை மறந்துவிடுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிகப் பொருந்தும் சட்டையையும் பேன்ட்டையும் மேசையில் விரித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சட்டையில் அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், கை நீளம், பின்கழுத்திலிருந்து கீழ்வரை. பேன்ட்டில் இடுப்பு, இரு கால் தையலும் கூடும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டைவரை உள்ள உயரம், தொடை அகலம், உள்கால் நீளம். ஒரு நாடாவும் இந்தச் சீட்டும் பையில் இருந்தால் போட்டுப் பார்க்க இடமில்லாத கடையிலும் தைரியமாக வாங்கலாம்.

விரித்து அளக்கும்போது 1 செ.மீ. வித்தியாசம் என்றால் உடம்பைச் சுற்றி 2 செ.மீ. இதை மறப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பருத்தியில் ஒரு நன்மை: சுருங்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் சுருங்கி முடிந்திருக்கும். இன்று பொருந்துவது அடுத்த மாதமும் பொருந்தும்.

கொஞ்சம் பெருசா இருந்தா டெய்லர்கிட்ட கொடுத்துடலாம்தானே?

எங்கே பெரிது என்பதைப் பொறுத்தது. நீளம் குறைப்பது, பக்கத் தையலைப் பிடிப்பது, இடுப்பைக் குறைப்பது எல்லாம் எளிய வேலை. தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். கையைப் பிரித்து, தோளை வெட்டி, மறுபடி கை ஏற்ற வேண்டும். உடை விலையைக் கூலி மிஞ்சும், வடிவமும் சரியாக வராது. தோள் பொருந்தட்டும், மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம்.

சிறிதாக இருப்பதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். நன்றாகத் தைத்த பேன்ட்டில் பின்நடுத் தையலில் 2 முதல் 4 செ.மீ. இருக்கும். ஓவர்லாக் போட்டு ஒட்ட வெட்டியிருந்தால் பிரித்துவிட ஒன்றுமில்லை. கீழ்மடிப்பை இறக்கினால் பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியலாம். தோலிலும் நெருக்கமாக நெய்த பட்டிலும் பழைய ஊசித் துளை அப்படியே நிற்கும்.

படம் மட்டும் பார்த்து இணையத்துல வாங்கலாமா?

வாங்கலாம், விற்பவர் கேள்விக்குப் பதில் சொல்பவராக இருந்தால். மேலே சொன்ன அளவுகளைச் செ.மீ.யில் கேளுங்கள், 'மீடியம்' என்பது பதிலாகாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக அக்குள், காலர், உள்தொடை, லேபிள் நான்கையும் கேளுங்கள். எத்தனை முறை போட்டது, வீட்டில் புகைபிடிப்பவரோ செல்லப் பிராணியோ உண்டா, எப்படித் துவைத்தார்கள் என்றும் கேட்கலாம். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் பூனை வளர்க்கும் வீட்டுக் கம்பளியைத் தவிர்ப்பது நல்லது.

குழந்தைக்குப் பழைய துணி போடலாமா?

தாராளமாக. மிகவும் பொருத்தமான இடமே இதுதான். பல முறை துவைத்த துணி மென்மையாக இருக்கும். சுருக்கம் விழாமலிருக்கப் புதுத்துணியில் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடு பிசினின் எச்சமும் பெரும்பாலும் அலசிப் போயிருக்கும்.

ஆனால் பழைய குழந்தை உடை இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு முந்தியதாக இருக்கலாம். கழுத்திலோ தலைமூடியிலோ இழுகயிறு இருந்தால் உருவி எறியுங்கள். ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் மாட்டிக் கழுத்தை இறுக்கும். ஐரோப்பிய விதி ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் அதை அனுமதிப்பதே இல்லை. ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கித் தையுங்கள். பாதத்தோடு தைத்த உடையின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தொங்கும் நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திய சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

நண்பர்கள் சேர்ந்து துணி மாத்திக்கிற கூட்டம் நடத்தணும். எப்படி ஆரம்பிக்கிறது?

15 முதல் 25 பேர் வசதியான எண்ணிக்கை. பத்துப் பேருக்குக் கீழே போனால் அளவு ஒத்துப்போகாது. இருவர் மட்டும் பை நிறைய எடுத்துப் போவார்கள், மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அழைக்கும்போதே என்னென்ன அளவுக்காரர்கள் வருகிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு அளவிலும் குறைந்தது மூவர் இருக்கும்படி பாருங்கள். பெரிய அளவு உடுத்துபவர் ஒருவரை மட்டும் அழைத்து ஏமாற்றுவது அவமதிப்பு. ஆளுக்கு ஐந்து முதல் பத்து உடை, துவைத்து மடித்து, முந்தைய நாளே கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். அந்த ஒருநாள் இடைவெளி இல்லாவிட்டால் பிரித்து அடுக்கவே நேரம் போதாது.

கொண்டுவருபவரிடம் வாங்கும்போது உடைக்கு ஒரு சீட்டு கொடுங்கள். எடுக்கும்போது உடைக்கு ஒரு சீட்டு திரும்ப வாங்குங்கள். விலையுயர்ந்த மேலங்கி, விசேஷ உடை போன்றவற்றுக்கு இரண்டு சீட்டு. அதற்கு மேல் தரம் பிரிக்காதீர்கள், சண்டைதான் வரும். சட்டை ஒரு பக்கம், பேன்ட் ஒரு பக்கம் என்று வகையாக அடுக்கி, வகைக்குள் அளவாக வையுங்கள். நல்ல வெளிச்சம், முழுநீளக் கண்ணாடி இரண்டு, திரை போட்ட மூலை ஒன்று, அளவு நாடா. முதல் 15 நிமிடம் பார்க்க மட்டும், யாரும் எடுக்கக் கூடாது. பிறகு எடுக்கலாம். ஒரே உடைக்கு இருவர் கைவைத்தால் குலுக்கல். கடைசி அரை மணியில் சீட்டு இல்லாமலும் எடுக்கலாம் என்று அறிவித்தால் மிச்சம் பாதியாகக் குறையும்.

மிஞ்சியதை யார் எங்கே கொண்டுபோவது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நடத்துபவர் வீட்டில் நான்கு மூட்டை மாதக்கணக்கில் கிடக்கும்.

நான் நல்லதா கொண்டுபோனேன், மத்தவங்க கிழிஞ்சதைக் கொண்டுவந்து போட்டாங்க. இது நியாயமா?

இல்லை. வாசலில் ஒருவர் நின்று பார்த்து, கறை பட்டதையும் நைந்ததையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பதுதான் ஒரே வழி. "உங்கள் நெருங்கிய தோழிக்கு இதை அப்படியே கொடுப்பீர்களா?" என்ற ஒரு வரியை அழைப்பிலேயே சேர்த்துவிட்டால் வாசலில் சங்கடம் குறையும்.

வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி என்னெல்லாம் கேட்டுக்கணும்?

முதலில் கணக்கு. வாடகையோடு சலவைக் கட்டணம், காப்புக் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் சேருங்கள். அந்தத் தொகை அதே மாதிரி பழைய உடையின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஐந்து முறைக்கு மேல் போடும் வாய்ப்பு இருந்தால் வாங்குவதே லாபம். புதிய உடையின் விலையோடு ஒப்பிட்டால் வாடகை எப்போதும் மலிவாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது பழையதன் விலையோடு.

பிறகு எழுத்தில் கேட்க வேண்டியவை: முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? தாமதக் கட்டணம் நாளுக்கா, மணிக்கா? எது 'சாதாரணத் தேய்மானம்', எது 'சேதம்'? பொருந்தாவிட்டால் வேறு அளவு கிடைக்குமா? நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாக உடை கையில் வரும்படி பதிவு செய்யுங்கள். வந்ததும் போட்டு உட்கார்ந்து, கையை உயர்த்தி, நடந்து பாருங்கள். ஜிப், கொக்கி, மணி வேலை, உள்துணி, கீழ்விளிம்பு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, இருக்கும் குறையை அன்றே கடைக்கு அனுப்பிவிடுங்கள். தகராறு வந்தால் இந்தப் படங்கள்தான் பேசும்.

வாடகை உடையில ஏதாவது கொட்டிட்டா நானே துடைச்சுடலாமா?

உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டால் சில பட்டுகளிலும் விஸ்கோஸிலும் கறையைவிடப் பெரிய நீர்வட்டம் விழும். சூடு காட்டவே கூடாது, கறை இறுகிவிடும். என்ன கொட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி உடையோடு கொடுங்கள். என்ன கறை என்று தெரிந்தால் சலவைக்காரர் பெரும்பாலும் எடுத்துவிடுவார். மறைத்துக் கொடுத்து அது மஞ்சளாகிப் போனால் சேதக் கட்டணம் உங்கள் தலையில்.

வாடகைதான் சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

எப்போதும் இல்லை. 2021-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு ஜீன்ஸைப் போட்டுத் தூக்கி எறிவது, அதிக நாள் போடுவது, மறுவிற்பனை, மறுசுழற்சி, வாடகை என ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள். புவி வெப்பத்துக்கு மிகக் குறைந்த பாதிப்பு, இருப்பதையே அதிக நாள் போடுவதில். வாடகையில்தான் மிக அதிகம். ஒவ்வொருவரும் வாகனத்தில் போய் எடுத்து, திரும்பப் போய்க் கொடுக்கும் பயணமே காரணம். நடந்தோ பேருந்திலோ போய் எடுத்துவந்தால் படம் மாறிவிடும்.

இன்னொன்று உலர்சலவை. அதில் நெடுங்காலமாகப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்டது. அமெரிக்கா 2024 டிசம்பரில் அதைப் பத்தாண்டுக்குள் உலர்சலவையிலிருந்து அகற்ற விதி கொண்டுவந்தது. வாடகைக் கடையில் ஈரச் சலவை முறை (கரைப்பானுக்குப் பதில் தண்ணீரில் துவைப்பது) உண்டா என்று கேளுங்கள். உடை வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, படுக்கையறைக்கு வெளியே காற்றில் தொங்கவிடுங்கள்.

மலிவா இருக்கேன்னு வாங்கி வாங்கி அலமாரி மூட மாட்டேங்குது. இதுவும் தப்பா?

பழைய உடை வாங்குவதால் நன்மை எப்போது என்றால், அது ஒரு புதிய உடை வாங்குவதைத் தடுத்தால் மட்டுமே. புதியதும் வாங்கிக்கொண்டு, பழையதும் பத்து சேர்த்தால் எதுவும் மிச்சமாகவில்லை. கடைக்குப் போகும்முன் என்ன தேவை என்று எழுதி எடுத்துப் போங்கள்: 'அடர்நீலப் பருத்தி பேன்ட் ஒன்று' என்ற அளவுக்குத் துல்லியமாக. கையில் எடுத்ததை ஏற்கெனவே இருக்கும் மூன்று உடைகளோடு போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 'மெலிந்த பிறகு போடலாம்' என்று எதையும் எடுக்காதீர்கள்.

வசதி இருக்கிற நான் பழைய துணி வாங்கினா, இல்லாதவங்களுக்குக் கிடைக்காம போயிடாதா?

பொதுவாக உடைக்குப் பஞ்சமில்லை, வழிந்து கொட்டுகிறது. கானா நாட்டின் அக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தைக்குப் பணக்கார நாடுகளின் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. வியாபாரிகள் மூட்டையைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. விற்க முடியாதது கால்வாய்க்கும் கடற்கரைக்கும் போகிறது. 2025 ஜனவரியில் தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்த அந்தச் சந்தையில், வந்த துணியைத் தைத்து, சாயமேற்றி, மறுபடி விற்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு இருந்தது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் விற்காத துணி மலையாகக் குவிக்கப்பட்டதையும் உலகம் பார்த்தது.

ஆனாலும் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில வகைகள் உண்மையிலேயே அரிது: பெரிய அளவுகள், தடித்த குளிராடை, நல்ல நிலையில் உள்ள குழந்தைக் காலணி, நேர்முகத் தேர்வுக்குப் போடும்படியான உடை. நன்கொடையில் நடக்கும் கடையில் இவற்றைப் பார்த்தால், உங்களுக்கு வேறு வழி இருக்கும்போது அங்கேயே விட்டுவிடுங்கள். மலிவாக வாங்கி அதிக விலைக்கு இணையத்தில் விற்பதற்காக இவற்றை அள்ளிச் செல்வது எங்களுக்கு ஒப்புதல் இல்லை.

என்கிட்ட இருக்கிறதைக் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்கணும்?

துவைத்து, எலும்புபோல் காயவைத்துக் கொடுங்கள். ஈரமான ஒரு துண்டு போதும், மூட்டை முழுக்கப் பூஞ்சை பிடித்து வீணாகும். ஜிப்பை மூடி, பட்டனைப் போட்டு, இரண்டு பாகமான உடையைச் சேர்த்துக் கட்டுங்கள். லேபிளைக் கத்தரிக்காதீர்கள், அடுத்தவர் நூலை எரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் காட்டுங்கள்.

போட முடியாத அளவுக்குப் போனதை உடை மூட்டையில் மறைத்து அனுப்ப வேண்டாம். பருத்தியென்றால் வீட்டிலேயே கத்தரித்துத் துடைக்கும் துணியாக்குங்கள், நீரை நன்றாக உறிஞ்சும். பாலியஸ்டர் உறிஞ்சாது. அதைத் தலையணைக்கும் மெத்தைக்கும் திணிப்பாக வைக்கலாம். எதுவானாலும் வெட்டும் முன் பட்டன், ஜிப், கொக்கி மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.